கடல் சோறு போடும் நிலம்: ஸ்வால்பார்டின் உயிர்களைப் புரிந்துகொள்ள ஓர் எளிய வழி

நார்வே நாட்டின் வடகோடிக்கும் வட துருவத்துக்கும் ஏறக்குறைய நடுவழியில், 74 முதல் 81 பாகை வரையிலான வட அட்சரேகைகளில் சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டம் ஸ்வால்பார்ட். அதன் மொத்தப் பரப்பு சுமார் 61,000 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 60 சதவீதத்தைப் பனியாறுகள் மூடியிருக்கின்றன. எஞ்சிய நிலத்திலும் செடி வேர்விடத்தக்க மண் மிகக் குறைவு. கோடையில் மேல்மட்டம் ஒரு மீட்டர் அளவுக்கு இளகும். அதற்குக் கீழே, கடலோரத்தில் சுமார் 100 மீட்டர், உள்நாட்டு மலைகளில் 400 மீட்டர் என்ற ஆழம் வரை, ஆண்டு முழுவதும் நிலம் உறைந்தே இருக்கும். முக்கியக் குடியிருப்பான லாங்யியர்பியெனில் மழையும் பனியும் சேர்த்து ஓர் ஆண்டில் விழுவது 200 மில்லிமீட்டர் அளவுதான் என்பதால், மழையளவை மட்டும் கொண்டு பார்த்தால் அதைப் பாலைவனம் என்றே சொல்ல வேண்டும். அக்டோபர் கடைசி வாரத்தில் அடிவானத்துக்குக் கீழே இறங்கும் சூரியன் பிப்ரவரி நடுப்பகுதி வரை தலைகாட்டுவதில்லை.

ஆனால் இதே தீவுக்கூட்டத்தில், ஹின்லோபன் நீரிணையை ஒட்டிய ஆல்கெஃபியெல் என்னும் செங்குத்துப் பாறைச் சுவரில் மட்டும், கோடைதோறும் ஏறத்தாழ 60,000 இணை புரூனிக் கில்லிமோட் பறவைகள் முட்டையிடுகின்றன. மலைச்சரிவுகளின் கற்குவியல்களுக்கு அடியில் 10 லட்சம் இணைகளுக்கும் அதிகமான சிறு ஆக் பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. நரிகள் இருக்கின்றன, மான்கள் இருக்கின்றன, கடற்கரைகளில் ஆயிரக்கணக்கில் வால்ரஸ்கள் படுத்திருக்கின்றன, துருவக் கரடிகளும் உலவுகின்றன. விளைச்சலே இல்லாத நிலத்தில் இத்தனை வயிறுகள் எப்படி நிரம்புகின்றன என்பதுதான் ஸ்வால்பார்டைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. கரடியைப் பற்றிய வியப்புச் செய்திகள் எல்லாம் அதற்குப் பின்னால் வரலாம்.

விடை இதுதான்: அங்கே நிலம் தன் உயிர்களுக்குத் தானே சோறு போடுவதில்லை. பெரும்பகுதி உணவு கடலில் விளைகிறது. அது பறவையின் வயிற்றிலும் சீலின் கொழுப்பிலும் ஏறி நிலத்துக்கு வந்து சேர்கிறது. ஒரு வாழிடத்தில் உற்பத்தியான ஊட்டம் வேறொரு வாழிடத்துக்குப் பெயர்ந்து, அங்குள்ள உயிர்களைத் தாங்கி நிற்பதைச் சூழலியலாளர்கள் மானியம் என்றே சொல்கிறார்கள். உலகின் பல இடங்களில் இப்படிப்பட்ட மானியம் உண்டு என்றாலும், ஸ்வால்பார்டில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிப்படையாக நடக்கிறது. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் அந்தத் தீவுகளின் விலங்குகள், செடிகள், இன்று அங்கே நிகழும் மாற்றங்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை விளங்கிவிடும்.

கடலில் விளைச்சல் எப்படி நடக்கிறது?

முதலில் கடலின் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். வடக்கு அட்லாண்டிக்கில் தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தின் வடகோடிக் கிளை, மிகப் பெரிய தீவான ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரையை உரசிக்கொண்டு போகிறது. அதனால் மேற்குக் கரை அதே அட்சரேகையிலுள்ள பிற இடங்களைவிட மிகவும் மிதமானது; குளிர்காலத்திலும் அங்கே கடல் பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. கிழக்குப் பக்கத்திலோ ஆர்க்டிக் குளிர்நீரும் அதனுடன் மிதந்து வரும் கடற்பனியும் ஆட்சி செய்கின்றன. ஒரே தீவுக்கூட்டத்துக்குள் இரண்டு கடல்கள் இருப்பதாகவே கொள்ளலாம். அவை சந்திக்கும் இடங்களில் உயிர்கள் கூடுகின்றன.

நீண்ட இருட்டுக் காலத்தில் கடலில் பாசிகள் வளர முடியாது. ஆனால் அந்த மாதங்களில் காற்றும் குளிரும் கடல்நீரைக் கலக்கி, ஆழத்திலிருக்கும் நைட்ரஜன் போன்ற ஊட்டச் சத்துகளை மேலே கொண்டுவந்து சேர்க்கின்றன. வெளிச்சம் திரும்பியதும் அந்தச் சேமிப்பு ஒரே வீச்சில் செலவாகிறது. முதலில் விழித்துக்கொள்வது கடற்பனியின் அடிப்பக்கத்தில் ஒட்டி வளரும் நுண்பாசிகள். பனிக்கட்டியைப் புரட்டிப் பார்த்தால் அதன் அடிப்பரப்பு பழுப்பு நிறத்தில் கறை படிந்ததுபோல் இருக்கும். அந்தக் கறைதான் ஆண்டின் முதல் அறுவடை. பனி உருகி விலகிய பிறகு, திறந்த நீரில் மிதக்கும் பாசிகளின் பெருக்கம் தொடங்குகிறது. முதல் அறுவடைக்கும் இரண்டாவதற்கும் இடையே பல வாரங்கள், சில இடங்களில் இரண்டு மாதங்கள் வரை, இடைவெளி இருக்கும்.

இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளும் ஓர் உயிரினத்தின் மேல்தான் மற்ற எல்லாம் நிற்கிறது. அதன் பெயர் காலனஸ் கிளேசியாலிஸ். இறால், நண்டு ஆகியவற்றின் தூரத்து உறவான இது 3 முதல் 5 மில்லிமீட்டர் நீளமே இருக்கும்; நீண்ட உணர்கொம்புகளுடன் நீரில் துள்ளித் துள்ளி நகரும். நோர்தவுஸ்ட்லாண்டெட் தீவின் ரைப்ஃபியோர்டில் (ஃபியோர்ட் என்பது மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீண்டு நுழையும் குறுகிய கடற்பகுதி) நடந்த ஆய்வு இதன் காலக்கணக்கை நன்றாகக் காட்டியது: தாய் காலனஸ் பனிக்கு அடியிலுள்ள பாசியைத் தின்று முட்டையிடுகிறது, முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் தாமே மேயத் தயாராகும் வேளையில் திறந்த நீரின் பாசிப் பெருக்கம் வந்து சேர்கிறது. முதல் அறுவடை தாய்க்கு, இரண்டாவது பிள்ளைகளுக்கு. தின்றதையெல்லாம் இது கொழுப்பாக மாற்றி உடலுக்குள் ஒரு நீண்ட பையில் சேர்த்து வைக்கிறது. உலர் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்பாகவே இருக்கும் காலனஸ்கள் உண்டு. உருப்பெருக்கியில் பார்த்தால், கண்ணாடி போன்ற உடலுக்குள் எண்ணெய்த் திவலை பளபளப்பது தெரியும். கோடை முடிந்ததும் ஆழத்துக்கு இறங்கி, அந்தக் கொழுப்பை மெல்ல மெல்லச் செலவழித்துக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கும்.

அட்லாண்டிக் நீரோடு வரும் இதன் உறவினம் காலனஸ் ஃபின்மார்க்கிகஸ். பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தாலும் அது உருவில் சிறியது, கொழுப்பும் பல மடங்கு குறைவு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிறு ஆக்: கடலிலிருந்து மலைக்கு ஏறும் பாதை

சிறு ஆக் பறவையின் எடை 160 கிராம் அளவுதான். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, குட்டையான அலகு, கழுத்தே இல்லாததுபோன்ற உருண்டை உடல். சிறிய இறகுகளை வேகமாக அடித்துப் பறக்கும். அதே இறகுகளால் நீருக்குள்ளும் நீந்தும். இது ஏப்ரலில் வந்து, பனி விலகியதும் மலைச்சரிவின் கற்களுக்கு அடியில் ஒரே ஒரு முட்டை இடுகிறது. குஞ்சு பொரித்ததும் தாயும் தந்தையும் மாறி மாறிக் கடலுக்குப் போய், நாக்கின் கீழுள்ள தொண்டைப் பையில் காலனஸ்களை நிரப்பிக்கொண்டு திரும்புகின்றன. பை நிரம்பிய பறவையின் தாடை இளஞ்சிவப்பாகப் புடைத்திருப்பதைச் சரிவில் உட்கார்ந்திருப்பவர்கள் தொலைநோக்கி இல்லாமலே பார்க்கலாம்.

கிழக்கு கிரீன்லாந்தில் இதே இனத்தை ஆராய்ந்தவர்கள் செய்த கணக்கின்படி, குஞ்சு வளர்க்கும் ஒரு பறவைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 60,000 காலனஸ்கள் தேவைப்படுகின்றன. ஒவ்வொன்றும் அரிசி மணியைவிடச் சிறியது; அதைக் குளிர்நீருக்குள் ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்தாலே, இரை பெரியதாகவும் கொழுத்ததாகவும் இருக்க வேண்டிய கட்டாயம் புரியும். கொழுப்புக் குறைந்த சிறிய இனத்தைப் பிடிப்பதற்கும் ஏறக்குறைய அதே உழைப்புத் தேவை, கூலிதான் குறையும்.

செரித்தது போக மீதி எச்சமாகச் சரிவில் விழுகிறது. ஆர்க்டிக் நிலத்தில் செடிகளுக்குப் பெரும் பஞ்சம் நைட்ரஜனுக்குத்தான். குளிரில் மட்கும் வேலை மிக மெதுவாக நடப்பதால், பழைய செடிகளில் இருக்கும் நைட்ரஜன் புதிய செடிகளுக்குக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் நீலப்பசும் நுண்ணுயிரிகளும் சிறிதளவே தர முடியும். அப்படிப்பட்ட நிலத்தில் லட்சக்கணக்கான பறவைகள் இரண்டு, மூன்று மாதங்கள் ஓயாமல் எச்சமிட்டால் என்ன ஆகும் என்பதை ஸ்வால்பார்டில் கப்பலின் மேல்தளத்திலிருந்தே காணலாம். சாம்பலும் பழுப்புமான மலைகளுக்கு நடுவே, பறவைக் குடியிருப்பின் கீழே மட்டும் கண்ணைப் பறிக்கும் பச்சைப் பட்டை ஒன்று இறங்கி வரும்.

அந்தப் பட்டையை அருகில் போய்ப் பார்த்தால் அதற்குள்ளும் ஓர் ஒழுங்கு தெரியும். பெரிய பாறைச் சுவர்களின் நேர் கீழே, எச்சம் அளவுக்கு மீறி விழும் இடத்தில், பெரும்பாலான செடிகள் கருகிவிடும். பிராசியோலா என்னும் சுருக்கமான இலைபோன்ற பச்சைப் பாசி மட்டும் தாக்குப்பிடிக்கும். சற்றுத் தள்ளி, உருகுநீரில் எச்சம் கரைந்து வடியும் பகுதியில், மெத்தைபோல் மாஸ் செடிகள், அவற்றுக்கிடையே புற்கள், தடித்த சிறிய இலைகளையுடைய கோக்லியேரியா. இந்தக் கோக்லியேரியாவில் வைட்டமின் சி மிகுதி. பழைய காலத்துத் திமிங்கில வேட்டைக்காரர்கள் ஈறு வீங்கிப் பல் உதிரும் நோய்க்கு மருந்தாக இதைப் பறித்துத் தின்றார்கள். இன்னும் தள்ளிப் போனால் எச்சத்தின் செல்வாக்குத் தேய்ந்து, தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும் துருவ வில்லோவும் ஊதாநிற சாக்சிஃப்ரேஜும் வரும். ஸ்வால்பார்டில் பூக்கும் செடிகள், பெரணிகள் முதலானவை எல்லாம் சேர்ந்து 180 இனங்கள் அளவே உண்டு; அவற்றில் மரம் என்ற பெயருக்கு உரிமை கொண்டாடக்கூடிய வில்லோவும் விரற்கடை உயரத்தைத் தாண்டுவதில்லை.

பச்சைப் பட்டைக்குக் காரணம் கடல்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டால், முடியும். நைட்ரஜனில் எடை குறைந்த வகை, எடை கூடிய வகை என இரண்டு நிலையான வகைகள் உண்டு. உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் உடலில் எடை கூடிய வகையின் பங்கு சற்றே உயர்கிறது. பாசியைத் தின்ற காலனஸ், அதைத் தின்ற பறவை எனப் படியேறி வந்த எச்சத்தில் அந்தப் பங்கு தெளிவாகவே அதிகம். பறவைக் குடியிருப்பின் கீழுள்ள மண்ணையும் மாஸையும் சோதித்தால் அதே அடையாளம் தெரிகிறது. அந்தச் செடிகளை மேய்ந்த விலங்கின் உடலிலும் அதைத் தேடிப் பிடிக்கலாம். ஹோர்ன்சுண்ட் ஃபியோர்டில் 1957 முதல் இயங்கிவரும் போலந்து நாட்டு ஆய்வுநிலையத்தைச் சுற்றிய சரிவுகளில் இப்படிப்பட்ட ஆய்வுகள் நிறைய நடந்திருக்கின்றன.

இந்தப் பாதை நல்லதை மட்டும் ஏற்றி வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தீவுக்கூட்டத்தின் தென்கோடியிலுள்ள பியோர்னோயா தீவில் எல்லாசியோன் என்றொரு ஏரி இருக்கிறது. பக்கத்தில் தொழிற்சாலையோ நகரமோ கிடையாது. ஆனாலும் அதன் மீன்களில் பி.சி.பி. என்னும் நச்சு வேதிப்பொருள், அதே தீவின் மற்றொரு ஏரியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. கடலில் இரைதேடும் பறவைகள் அந்த ஏரியில் வந்து குளித்து எச்சமிடுவதே காரணம் எனத் தெரியவந்தது. தெற்கு நாடுகளில் கடலுக்குப் போன கழிவு, மீனேறி, பறவையேறி, ஆளில்லாத் தீவின் ஏரிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

நரியின் வரவு செலவு

மானியம் யாருக்கெல்லாம் போகிறது என்பதை அறிய நரியைப் பின்தொடர்வது நல்லது. ஆர்க்டிக் வட்டாரத்தின் பிற நிலங்களில் இந்த நரியின் முதன்மை உணவு லெம்மிங் எனப்படும் எலியினம். ஸ்வால்பார்டில் லெம்மிங் கிடையாது. சுரங்கக் குடியிருப்புகளுக்கு வந்த தீவனத்தோடு கலந்து வந்திருக்கலாம் எனக் கருதப்படும் ஒரு சிறிய வயலெலி இனம் மட்டும் ஒரு சிறு வட்டாரத்தில் இருக்கிறது. ஆகவே ஸ்வால்பார்டு நரி கோடையில் பறவைகளையும் முட்டைகளையும் நம்புகிறது; குளிர்காலத்தில் செத்த மான்களையும், கரடி தின்று மிச்சம் வைத்த சீலையும், கோடையில் தான் புதைத்து வைத்த பறவைகளையும் நம்புகிறது. பறவைப் பாறைகளின் அடிவாரத்தில் குட்டி வளர்க்கும் வளைகள் இருப்பது தற்செயல் இல்லை.

கில்லிமோட் குஞ்சு பிறந்து மூன்று வாரம் ஆனதும், பறக்கும் இறகு முளைப்பதற்கு முன்பே, பாறை விளிம்பிலிருந்து கீழே குதிக்கும். தந்தைப் பறவை கூடவே பறந்து இறங்கும். கடலில் விழுந்த குஞ்சு தந்தையோடு நீந்திப் போய்விடும். கடலை எட்டாமல் கரையில் விழுந்தது கற்களுக்கிடையே ஓடித் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். அந்த ஓட்டத்துக்காகவே நரி கீழே காத்திருக்கும். கொடுமையாகத் தோன்றினாலும், நரிக்குட்டிகளின் குளிர்காலம் இந்தச் சில நாட்களில்தான் தீர்மானமாகிறது.

நரிக்குப் பயந்தே ஈடர் வாத்துகள் கரையோரத் திட்டுகளில் கூடு கட்டுகின்றன. திட்டுக்கும் கரைக்கும் இடையிலுள்ள பனி உடைந்து நீர் சூழும்வரை அவை முட்டையிடுவதைத் தள்ளிப் போடுவதும் உண்டு. லாங்யியர்பியெனுக்கு வெளியே பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களைக் கட்டிவைத்திருக்கும் பட்டி ஒன்றில், நாய்களின் குரைப்புக்கு நடுவே வரிசையாக ஈடர்கள் அடைகாத்துக்கொண்டிருக்கும். சங்கிலியில் கட்டிய நாய் கூடுவரை வராது, நாய் இருக்குமிடத்துக்கு நரி வராது என்பதை அவை கண்டுகொண்டிருக்கின்றன.

நரியால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கும் ஒரு பதிவு உண்டு. நார்வே துருவ ஆய்வு நிறுவனத்தார் செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை அணிவித்த ஓர் இளம் பெண் நரி, 2018 மார்ச் கடைசியில் ஸ்பிட்ஸ்பெர்கனிலிருந்து கடற்பனியில் இறங்கி, கிரீன்லாந்தைக் கடந்து, ஜூன் 10 அன்று கனடாவின் எல்ஸ்மியர் தீவை அடைந்தது. 76 நாட்களில் 3,506 கிலோமீட்டர். கிரீன்லாந்தின் பனிப்பரப்பின் மேல் ஒரே நாளில் 155 கிலோமீட்டர். கருவி கெட்டுவிட்டதோ என்று ஆய்வாளர்களே முதலில் ஐயப்பட்டார்கள். கடற்பனி இருக்கும்வரை இந்தத் தீவுக்கூட்டம் தனித்த தீவாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கடலை நம்பாதவர்கள்

விதிவிலக்குகளும் உண்டு. ரெயின்டீர் எனப்படும் துருவ மானின் ஸ்வால்பார்டுக் கிளையினம் குட்டைக்கால், உருண்ட உடல், சிறிய தலையோடு, பிற இடத்து ரெயின்டீர்களிலிருந்து பார்த்தவுடன் வேறுபட்டுத் தெரியும். ஓநாய் இல்லாத நிலம் என்பதால் பெரும் மந்தையாகச் சேர்ந்து ஓட வேண்டிய தேவை அதற்கு இல்லை. இரண்டு மூன்றாக நின்று நாளெல்லாம் மேயும். இலையுதிர் காலத்துக்குள் அதன் பின்புறத்தில் கொழுப்பு சில நேரம் 10 சென்டிமீட்டர் தடிமனுக்குச் சேர்ந்துவிடும். குளிர்காலத்தில் பனியைக் குளம்பால் விலக்கி, கீழேயுள்ள காய்ந்த செடிகளைத் தின்று காலம் தள்ளும். குளிர்காலத்திலும் தீவை விட்டுப் போகாத ஒரே நிலப்பறவையான டார்மிகனும் இதே கட்சிதான். கௌதாரிக் குடும்பத்தைச் சேர்ந்த அது, குளிர்காலத்தில் முழு வெள்ளையாக மாறும்.

இவற்றுக்கு எதிரி குளிர் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் குளிர்கால மழைதான் எதிரி. ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேல் ஏறி மழை பெய்தால், பனியின் அடியில் நீர் இறங்கித் தரையோடு கெட்டிப் பனிக்கட்டியாக உறைந்துவிடும். செடி கண்ணாடிக்குள் அடைபட்டதுபோல் ஆகிவிட, குளம்பால் உடைக்க முடியாது. 2019 கோடைக் கணக்கெடுப்பின்போது 200க்கும் மேற்பட்ட மான்கள் பட்டினியால் செத்துக் கிடந்ததை நார்வே ஆய்வாளர்கள் கண்டார்கள். அப்படிப்பட்ட குளிர்காலங்களில் சில மான்கள் கடற்கரைக்கு இறங்கி, அலை ஒதுக்கிய கெல்ப் பாசியைத் தின்கின்றன. அவற்றின் எச்சத்தைச் சோதித்துப் பார்த்தபோதும் கடல் உணவின் அடையாளம் கிடைத்தது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத, சத்தும் போதாத உணவுதான். ஆனாலும் நிலம் கைவிட்ட நாளில் மானும் கடலிடமே போய் நிற்கிறது.

பனியின் மேல் நடக்கும் வாழ்க்கை

துருவக் கரடி இந்தக் கணக்கில் நிலவிலங்கு இல்லை. அதன் முதன்மை இரையான வளையச் சீல், வசந்தத்தில் கடற்பனியின் மேல் குவிந்த பனிக்குள் குடைந்த அறையில் குட்டி ஈனும். அந்த அறையின் கூரையை முன்னங்காலால் உடைத்துக் கரடி உள்ளே பாயும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான அந்த வேட்டைக் கொழுப்பை வைத்தே கரடி ஆண்டின் பிற மாதங்களைக் கடத்துகிறது. ஸ்வால்பார்ட் உள்ளிட்ட பேரண்ட்ஸ் கடல் பகுதியில் 2004ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சுமார் 2,650 கரடிகள் இருப்பதாக மதிப்பிட்டது. நார்வே 1973இல் கரடி வேட்டையைத் தடை செய்தது.

தீவுக்கூட்டத்தின் கிழக்கிலுள்ள கோங் கார்ல்ஸ் லாண்டும் தென்கிழக்கிலுள்ள ஹோப்பன் தீவும் தாய்க்கரடிகள் பனிக்குள் குகை தோண்டிக் குட்டி ஈனும் இடங்கள். இலையுதிர் காலத்தில் கடற்பனி ஹோப்பனை வந்தடைந்தால்தான் கரடிகள் அதன் மேல் நடந்து தீவுக்கு வர முடியும். பனி தாமதமாகும் ஆண்டுகளில் அங்கே குகைகள் மிகவும் குறைந்துவிடுகின்றன. கோடையில் பனி வெகு தொலைவுக்கு விலகிப்போக, கரையிலேயே தங்கிவிடும் கரடிகள் வாத்துத் திட்டுகளுக்கு நீந்திப் போய் முட்டைகளைத் தின்கின்றன. ஒரே கரடி சில நாட்களில் ஒரு திட்டின் கூடுகளில் பெரும்பகுதியை முடித்துவிடக் கூடும். கரடிக்கு அது சிற்றுண்டி, வாத்துகளுக்கோ அந்த ஆண்டே போய்விட்டது.

பனியாறு கடலில் வந்து முடியும் முகப்பும் தனியான ஒரு விருந்து இடம். பனியாற்றின் அடியில் ஓடும் உருகுநீர் ஆழத்தில் கடலுக்குள் பாய்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் அது கொதிப்பதுபோல் மேலே எழும்பி, வழியிலுள்ள மிதவை உயிரிகளையும் சிறு மீன்களையும் அள்ளிக்கொண்டு வருகிறது. பனிச்சுவருக்கு முன்னால் பழுப்பு நிறத்தில் கலங்கிய நீரின் மேல் கிட்டிவேக் கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் வட்டமிடுவதற்கு இதுவே காரணம். பனியாறு சுருங்கி நிலத்துக்குப் பின்வாங்கிவிட்டால் இந்த ஏற்பாடு நின்றுவிடும்.

மனிதன் எடுத்ததும் மீண்டதும்

1596இல் வில்லெம் பேரண்ட்ஸ் என்ற டச்சுக் கடலோடி இந்தத் தீவுகளைக் கண்ட செய்தி பரவிய பதினைந்தே ஆண்டுகளில், 1611இல், ஆங்கிலேயர் திமிங்கில வேட்டையைத் தொடங்கினர். 1619 முதல் டச்சுக்காரர்கள் ஸ்மீரன்பர்க் என்ற இடத்தில் அடுப்பு மூட்டித் திமிங்கிலக் கொழுப்பைக் காய்ச்சினார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்குள், 200 ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடிய வில்தலைத் திமிங்கிலங்கள் அங்கிருந்து ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டன. இன்றுவரை அவை முழுமையாக மீளவில்லை. வால்ரஸ்களின் கதை வேறு. தந்தத்துக்காகவும் கொழுப்புக்காகவும் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட அவற்றுக்கு 1952இல் பாதுகாப்புக் கிடைத்தது. 2006இல் சுமார் 2,600, 2018இல் சுமார் 5,500 என அவற்றின் எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது. 1925இல் பாதுகாக்கப்பட்ட மான்களும், ஸ்காட்லாந்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் பார்னக்கிள் வாத்துகளும் இப்படியே பெருகின; 1948இல் அந்த வாத்துக் கூட்டத்தில் 300 பறவைகளே எஞ்சியிருந்தன, இன்று பல்லாயிரம்.

எனவே ஸ்வால்பார்டில் எல்லாம் அழிந்துகொண்டிருக்கிறது என்று ஒரே வரியில் எழுதுவது சோம்பேறித்தனம். வேட்டை நின்றதால் மீண்டுவரும் விலங்குகளும், பருவநிலை மாறுவதால் சிக்கலுக்கு உள்ளாகும் விலங்குகளும் அங்கே ஒரே நேரத்தில் இருக்கின்றன. அதற்காகச் சிக்கல் சிறியது என்றும் பொருளில்லை. ஸ்வால்பார்ட் உலகச் சராசரியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பமடைந்து வருகிறது. 2020 ஜூலை 25 அன்று லாங்யியர்பியென் விமான நிலையத்தில் 21.7 பாகை செல்சியஸ் பதிவானது. மேற்குக் கரையின் ஃபியோர்டுகளில் பல, 2006க்குப் பிறகு குளிர்காலத்தில் முன்போல் உறைவதில்லை. ஏறத்தாழ 1,000 ஆண்டுகளாக அங்கே இல்லாதிருந்த நீலச் சிப்பி 2004இல் ஈஸ்ஃபியோர்டின் வாயிலில் மீண்டும் காணப்பட்டது. காட் போன்ற அட்லாண்டிக் மீன்கள் ஃபியோர்டுகளுக்குள் வருகின்றன.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன காலனஸ் வேறுபாடு இங்கேதான் தேவைப்படுகிறது. அட்லாண்டிக் நீர் கூடுதலாக உள்ளே வரும்போது கொழுத்த ஆர்க்டிக் காலனஸின் இடத்தைச் சிறிய அட்லாண்டிக் காலனஸ் பிடிக்கிறது. மேற்குக் கரையின் சிறு ஆக் பறவைகள் நல்ல இரையைத் தேடி, குளிர்நீர் இருக்கும் இடங்களுக்குத் தொலைதூரப் பயணம் போய்வர வேண்டியிருக்கிறது. குஞ்சுக்கு உணவு கொடுக்கும் குறும்பயணங்களும், தன் உடலைத் தேற்றிக்கொள்ளும் நெடும்பயணமுமாக அவை மாற்றி மாற்றிப் பறப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீள வேறுபாடு பறவையின் உழைப்பையும் குஞ்சின் எடையையும் தொடுகிறது. பறவை குறைந்தால் சரிவுக்கு வரும் எச்சம் குறையும். எச்சத்தை நம்பிய புல், புல்லை நம்பிய வாத்து, பறவையை நம்பிய நரி என விளைவு நீளும். ஸ்பிட்ஸ்பெர்கனின் புரூனிக் கில்லிமோட்கள் 1990களுக்குப் பிறகு குறைந்துவந்திருக்கின்றன. மறுபுறம், கோங்ஸ்ஃபியோர்டின் கிட்டிவேக்குகள் புதிதாக வந்த அட்லாண்டிக் மீன்களைத் தின்னப் பழகியிருக்கின்றன. யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பது இரையைப் பிடிக்கும் முறையைப் பொறுத்து இனத்துக்கு இனம் மாறுகிறது.

அதே கோங்ஸ்ஃபியோர்டின் கரையிலுள்ள நை-ஆலசுண்ட் என்ற ஆய்வுக் குடியிருப்பில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வுநிலையம் இயங்குகிறது. 1920இல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் உடன்படிக்கையில் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவும் ஒரு தரப்பு. 2014இல் இந்திய ஆய்வாளர்கள் அந்த ஃபியோர்டின் நீருக்குள் இண்டார்க் என்ற கருவித் தொகுப்பை நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். அட்லாண்டிக் நீர் எப்போது, எந்த ஆழத்தில், எவ்வளவு வெப்பத்தோடு உள்ளே வருகிறது என்பதை அறிய இப்படிப்பட்ட தொடர் அளவீடுகள்தான் உதவுகின்றன.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். தீவுக்கூட்டத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 65 சதவீதம் தேசியப் பூங்காக்களாகவும் காப்பகங்களாகவும் பாதுகாக்கப்படுகிறது. 2025 தொடக்கத்திலிருந்து கரடிக்கு 300 மீட்டருக்குள்ளும், மார்ச் முதல் ஜூன் முடியும்வரை 500 மீட்டருக்குள்ளும் போகக் கூடாது. ஈடர்களும் வாத்துகளும் கூடு கட்டும் 15 பறவைச் சரணாலயங்களில் மே 15 முதல் ஆகஸ்ட் 15 வரை யாரும் கால்வைக்க முடியாது. பறவைப் பாறைகளைப் படகிலிருந்து பார்க்க ஜூன் பிற்பகுதியும் ஜூலையும் ஏற்ற காலம். ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு போனால் கில்லிமோட்களில் பெரும்பாலானவை குஞ்சுகளோடு கடலுக்குப் போய்விட்டிருக்கும்.